பிரேமிளா இட்ட நட்சத்திரக் குறிகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் ஆய்வு நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி சேதுராமன் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கண்டி நகரத்து வர்த்தகப் பெரியோர்களே, நிலையத்தின் ஊழியர்களே! இவர்கள் எல்லாருக்கும் மேலாக, முன்வரிசையின் ஓரக் கதிரையில், யாரோ போர்த்திவிட்ட சால்வையோடு உட்கார்ந்திருக்கும் பாலம்மா அம்மா அவர்களே!

அம்மா, உங்கள் மகள் கலாநிதி பிரேமிளாவுக்கு அஞ்சலி செலுத்த இந்த மண்டபம் நிறைந்திருக்கிறது. வாசலில் வாகனம் நிறுத்த இடமில்லை. மலர்வளையங்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் புசல்லாவைக்கு மேலே நீங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து, அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து, உங்களைத் தவிர ஒரு ஈ காக்காய் வந்திருக்கிறதா? வரவில்லை! ஏன் வரவில்லை? அதைப் பற்றிப் பேசத்தான் நான் இந்த ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.

என் பெயர் சுந்தரலிங்கம். கால்நடை இனவிருத்திப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பிரேமிளாவோடு ஒரே அலுவலக அறையில் பல காலம் இருந்தவன். இன்று இந்த மண்டபத்தில் இருக்கிற நிலைய ஊழியர்கள் வாயைத் திறந்தால் நாளைக்கு அவர்களுக்கு இடமாற்றம் வரும். எனக்கு யாரும் இடமாற்றம் கொடுக்க முடியாது. எனக்கு இனி ஒரே ஒரு இடமாற்றம்தான் பாக்கி, அதற்குப் பணிப்பாளரின் கையொப்பம் தேவையில்லை.

எனக்கு முன் நான்கு பேர் பேசினார்கள். நன்றாகப் பேசினார்கள். பிரேமிளா அமைதியானவர் என்றார்கள். அதிர்ந்து பேசாதவர் என்றார்கள். எல்லாரோடும் அனுசரித்துப் போனவர் என்றார்கள். நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், யாருடைய இரங்கல் கூட்டத்துக்கு ஐயா வந்திருக்கிறோம் என்று! பிரேமிளாவா அமைதியானவர்? எங்கள் கூட்ட அறையில் அவர் பேசினால் வாசலில் தேநீர்த் தட்டோடு நிற்பவர் உள்ளே வரப் பயப்படுவார். பிரேமிளாவா அனுசரித்துப் போனவர்? ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார். ஒரு குறியை நீக்கச் சொன்னால் நீக்க மாட்டார். அதனால்தானே அவருக்கு இந்தக் கதி வந்தது!

நண்பர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிரேமிளாவைப் பாதிதான் தெரியும். தெரியாத பாதியை, செத்துப்போன ஒரு படித்த பெண்ணைப் பற்றி வழக்கமாக என்ன சொல்வார்களோ அதை வைத்து நிரப்பிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரேமிளா தன் வாழ்நாளெல்லாம் செய்த வேலையே அதுதான். தெரியாததை எதை வைத்து நிரப்பலாம், எதை வைத்து நிரப்பக் கூடாது என்பதுதான் அவருடைய படிப்பு, அவருடைய பட்டம், அவருடைய சண்டை எல்லாம்.

வந்திருப்பவர்களில் பலர் இந்தத் துறைக்குப் புதியவர்கள். அதனால் பிரேமிளா எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு மாட்டின் மரபணுவை முழுதாக வாசிக்கப் பெரிய செலவு. ஆகவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இடங்களை மட்டும் வாசிப்போம். நடுவில் விட்டுப்போன இடங்களில் என்ன இருக்கும் என்பதை, ஏற்கெனவே முழுதாக வாசித்து வைத்திருக்கும் வேறு மாடுகளைப் பார்த்துக் கணினி ஊகித்துச் சொல்லும். வானொலியில் பாட்டுப் போகிறது, இடையில் கரகரவென்று இரைச்சல் வந்து இரண்டு வரி கேட்கவில்லை. தெரிந்த பாட்டென்றால் அந்த இரண்டு வரியை நாமே பாடிவிடுவோம், சரியாக இருக்கும். தெரியாத பாட்டென்றால்? அப்போதும் நாம் சும்மா இருப்பதில்லை. மெட்டு ஒத்துவருகிறது என்று, நமக்குத் தெரிந்த வேறொரு பாட்டின் வரியைப் போட்டுப் பாடிவிடுவோம். தவறு அங்கேதான் வருகிறது.

எங்கள் கணினிக்குத் தெரிந்த மாடுகள் எல்லாம் வெளிநாட்டு மாடுகள். குளிர் நாடுகளில் பண்ணையில் நின்று புல் தின்ற மாடுகள். தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே கட்டிக் கிடக்கிறதே நம்முடைய மாடு, தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே கலந்து பிறந்த மாடு, அதை யாரும் முழுதாக வாசித்ததில்லை. பிரேமிளா சோதனை செய்து காட்டினார். தெரிந்த விடையை மறைத்து வைத்துவிட்டுக் கணினியை ஊகிக்கச் சொன்னார். வெளிநாட்டு மாட்டுக்குக் கணினி சொன்னது கிட்டத்தட்ட எல்லாம் சரி. தோட்டத்து மாட்டுக்குச் சொன்னது பல இடங்களில் பிழை. ஆனால் பிழையான விடையையும் கணினி அதே தைரியத்தோடு சொன்னது. "சேர், இதுக்கு வெக்கமே இல்ல சேர்! தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே சொல்லுது, நம்ம ஆபீஸ்காரங்க மாதிரி!" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நேராக வாசித்த விடை என்றால் அப்படியே எழுதுவார். ஊகித்து நிரப்பிய விடை என்றால் அதன் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இடுவார். தோட்டத்து மாட்டின் இரத்தம் கலந்த காளை என்றால், வானத்தை அள்ளிக் கொட்டியதுபோல் தாள் முழுக்க நட்சத்திரமாக இருக்கும். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

இனி அந்தக் காளையின் கதைக்கு வருகிறேன். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அந்தக் காளைக்கு மலையரசன் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் வெளிநாட்டு இனம், தாய் தோட்டத்து மாடு. பார்க்க லட்சணமான காளை, நான் மறுக்கவில்லை. அதன் விந்தைத் தோட்டத்து மாடுகளுக்கு ஊசி மூலம் கொடுத்தால் பால் பெருகும், சனம் முன்னேறும் என்று திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் கன்றுகளை வயிற்றிலேயே கொல்லும் ஒரு குறைபாடு உண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அது இருந்தால் கன்று கால்மூட்டு இறுகி, செத்துத்தான் பிறக்கும். மலையரசனிடம் அது இருக்கிறதா? அந்த இடத்தை யாரும் வாசிக்கவில்லை. 'இல்லை' என்று கணினி ஊகித்துச் சொன்னது. பிரேமிளா அந்த 'இல்லை' என்பதற்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இட்டார். குறி மட்டுமா இட்டார்? இந்த இடத்தை நேராக வாசித்துப் பார்த்த பிறகுதான் காளையை வெளியே விடலாம், அதற்கு ஒரு மாதம் போதும் என்று நின்றார்.

ஆனால் திட்டத்தின் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பந்தல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். அப்போது பணிப்பாளர் அறையில் நடந்ததை அங்கேயே நின்று பார்த்தவர், எங்கள் ஆய்வுகூடத்தில் இன்றும் வேலை செய்யும், அக்குறணை ஊரைச் சேர்ந்த ரிப்கா. அவருக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று பெயரை மறைத்தே பேச நினைத்திருந்தேன். இன்று காலை அவரே கூப்பிட்டுச் சொன்னார்: "என்ட பேரயும் சொல்லுங்க சேர். நான் அந்த ரூம்ல இருந்த. என்ட கண்ணால பாத்த. பயந்தது போதும்." ஆகவே சொல்கிறேன்.

பணிப்பாளர் கேட்டார்: "பிரேமிளா, இந்த நட்சத்திரமெல்லாம் எதுக்கு? பாக்கிறவங்க பயந்துருவாங்க. எடுத்துருங்க."

பிரேமிளா சொன்னார்: "அது அழகுக்கு வச்சதில்ல சேர். எனக்குத் தெரியாதுன்னு அர்த்தம்."

"தெரியாதுன்னு எழுதிக்கிட்டு யாராச்சும் காளை குடுப்பாங்களா?"

"குடுக்கக் கூடாதுன்னுதான் சேர் நானும் சொல்றேன்."

பிரேமிளா குறியை எடுக்கவில்லை. பணிப்பாளர் கணினியைத் தம் பக்கம் திருப்பி, தம் கையாலேயே எடுத்தார். ஒவ்வொன்றாக எடுக்க அலுப்பாக இருந்ததாம், ஒரே தட்டில் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அச்சாகி வந்த காளை விவரப் புத்தகத்தில் மலையரசன் மாசு மறுவற்ற காளை! இல்லை என்றால் இல்லைதான், குறியும் கிடையாது, சந்தேகமும் கிடையாது.

விழாவை எங்கே வைத்தார்கள் தெரியுமா? பாலம்மா அம்மாவின் தோட்டத்து மைதானத்தில்! காளைக்கு மாலை போட்டார்கள். பொட்டு வைத்தார்கள். ஒலிபெருக்கியில் பணிப்பாளர் அறிவித்தார்: "இந்தக் காளையைத் தெரிவு செய்து தந்தவர் இந்தத் தோட்டத்துப் பிள்ளை, நமது கலாநிதி பிரேமிளா!" சனம் கைதட்டியது. அம்மாவைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிரேமிளா அந்த விழாவுக்குப் போகவில்லை. அவர் அன்று நிலையத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு இடத்தை வாசித்துத் தரச் சொல்லி மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். 'பிறகு பார்க்கலாம்' என்ற பதில்தான் வந்தது.

பிறகு பார்த்தோம் ஐயா! மாடுகள் ஈன்றபோது பார்த்தோம். தோட்டத்து மாடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம். மலையரசனின் தாயும் அவற்றுக்குச் சொந்தம். ஆகவே அந்தக் குறைபாடு இரண்டு பக்கமும் இருந்தது. லயத்துக்கு லயம் கன்று செத்துப் பிறந்தது. கன்று வெளியே வராமல் சில மாடுகளும் செத்தன. பாலம்மா அம்மாவின் லயத்திலேயே அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இராஜகுமாரி என்று ஒரு பெண், கொழுந்து பறிப்பவர். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அந்த ஒரு கறவை மாட்டைத்தான் நம்பியிருந்தார். மாடும் போனது, கன்றும் போனது. அவர் யாரைத் திட்டுவார்? கொழும்பிலிருந்து வந்தவரையா? பணிப்பாளரையா? ஒலிபெருக்கியில் யார் பெயரைக் கேட்டாரோ அவரைத்தான் திட்டினார். "பாலம்மா மவ குடுத்த காளை" என்றே அந்தத் தோட்டத்தில் அதற்குப் பெயராகிவிட்டது.

கைதட்டு வாங்கக் கூப்பிடும்போது தோட்டத்துப் பிள்ளை! பழி போட ஆள் தேடும்போதும் தோட்டத்துப் பிள்ளை! விசாரணை நடந்தது. ரிப்காவைக் கூப்பிட்டார்களா? இல்லை. என்னைக் கூப்பிட்டார்களா? நானாகப் போய் வாசலில் நின்றேன், ஓய்வுபெற்றவர்களுக்கு இதில் வேலையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். முடிவு என்ன வந்தது? 'கணிப்பைச் செய்த அலுவலரின் தொழில்நுட்பத் தவறு.' அலுவலர் யார்? பிரேமிளா! மரபணு படித்துப் பட்டம் பெற்ற பெண்ணைக் களஞ்சியத்தில் கையுறைப் பெட்டிகளைக் கணக்கெடுக்கப் போட்டார்கள். இப்போது அதே வாயால் அவரை 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்கிறார்கள். இழப்பாம்! உயிரோடு இருந்தபோது களஞ்சியத்தில் போட்டு வைத்தவர்களுக்கு என்ன இழப்பு?

வேறொருவர் என்றால் வேலையை விட்டு வெளிநாடு போயிருப்பார். பிரேமிளா ஞாயிற்றுக்கிழமைகளில் புசல்லாவை பஸ் ஏறினார். தோட்டத்து மாடுகளின் வால் முடியை, மரபணு கிடைக்கும் வேரோடு பிடுங்கிச் சேகரிக்க வேண்டும், அவற்றை முழுதாக வாசிக்க வேண்டும், அப்போதுதான் கணினிக்கு நம் மாட்டைத் தெரியும் என்று கிளம்பினார். கன்று செத்த வீடுகளுக்கே போய் நின்றார். இராஜகுமாரியின் வீட்டில் மிஞ்சியிருந்த கிடாரியின் வாலைத் தொட்டபோது அந்தப் பெண் கத்தினார்: "கைய எடு! ஒன் கை பட்டது போதும். எங்க வயித்துல அடிச்சுட்டு இப்ப மசுர புடுங்க வந்தியா?" பிரேமிளா கையை எடுத்துவிட்டார். என்னிடம் வந்து சொல்லி அழுதார். அதிர்ந்து பேசாதவர் என்றீர்களே, அன்று அவர் அழுத அழுகை இந்த மண்டபத்துக்கே கேட்டிருக்கும்!

"குறிய எடுத்தது நீயில்லன்னு சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன். "சொன்னேன் சேர். 'செத்த கன்னுக்கு நட்சத்திரக் கதை சொல்றியா'ன்னு கேக்கிறாங்க. நானே சொன்னா தப்பிச்சுக்கிறதுக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கு. எடுத்தவங்க வந்து சொல்லணும்" என்றார்.

எடுத்தவர் போகவில்லை. ஆனால் பிரேமிளா போய்க்கொண்டே இருந்தார். ஒரு வீட்டில் திட்டினால் அடுத்த வீடு. கொஞ்சம் கொஞ்சமாகச் சில வீடுகள் முடி கொடுத்தன. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்து நண்பர்களைப் பிடித்து அவற்றை வாசிக்க வைத்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். அதே மலையரசனை எடுத்தார். கன்றுகள் செத்த பிறகு அந்த இடத்தை நேராக வாசித்து, குறைபாடு இருப்பது உறுதியாகியிருந்தது. அந்த விடையை மறைத்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த தோட்டத்து மாடுகளை வைத்துக் கணினியை மீண்டும் ஊகிக்கச் சொன்னார். இந்த முறை கணினி சரியாகச் சொன்னது! 'இருக்கிறது' என்றது! அவர் ஆரம்பத்திலிருந்து சொன்னது மெய்யாகிவிட்டது. நம்முடைய மாட்டை நம்முடைய மாட்டை வைத்துத்தான் அறிய வேண்டும் என்பதை நிரூபித்துவிட்டார். அதைக் கொண்டுபோய்ப் பணிப்பாளர் முன் வைத்தபோது கிடைத்த பதில், "முடிஞ்சு போன விசயத்த ஏன் கிண்டுறீங்க?"

அடுத்த மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். டெங்கு என்றார்கள். அவர் வீடு திரும்பவில்லை. ஆண்டவனே, இந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சக் காலம் கொடுத்திருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்!

தலைவர் அவர்கள் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'நேரம் முடிந்துவிட்டது.' தெரியும் ஐயா. பிரேமிளாவின் நேரமும் முடிந்துவிட்டது, அவருக்கு யாரும் சீட்டுக்கூட அனுப்பவில்லை. மௌன அஞ்சலி செலுத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். மன்னிக்க வேண்டும், மௌனம் எங்கள் நிலையத்தில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் மேடையில் சொன்னார்கள். புதிய ஆய்வுகூடத்துக்குக் கலாநிதி பிரேமிளாவின் பெயரைச் சூட்டப் போகிறார்களாம். எல்லாரும் கைதட்டினீர்கள். விசாரணை முடிவில் அவர் குற்றவாளி, வாசற்பலகையில் அவர் மேதையா? இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! பலகை வேண்டாம் பணிப்பாளர் அவர்களே. பாலம்மா அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், ஆனால் அந்தப் பலகையை வாசிக்க அவர் மறுபடி கண்டிக்கு வரப்போவதில்லை.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளையை அடக்கம் செய்த அன்று எல்லாரும் போன பிறகு அம்மா என் கையைப் பிடித்தார். "சார், நெசத்தச் சொல்லுங்க. எம் மவ தப்புப் பண்ணிட்டாளா? பீலிக்குத் தண்ணி புடிக்கப் போனா ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேசமாட்டேங்குறாங்க" என்று கேட்டார். பெற்ற தாய்! தன் மகள் குற்றவாளியா இல்லையா என்பதை இடுகாட்டில் நின்று என்னிடம் கேட்கிறார்! "இல்லம்மா, அது பிரேமிளா செஞ்ச தப்பில்ல" என்றேன். அம்மா, "எங்கிட்ட சொல்லி என்ன சார் செய்ய? அத லயத்துல வந்து சொல்லுங்க" என்றார்.

அம்மா, அன்று உங்களிடம் மட்டும் சொன்னேன். இன்று இத்தனை பேர் முன்னிலையில் சொல்கிறேன். உங்கள் மகள் தப்புச் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதினார். அதை அழித்தது வேறொரு கை. அந்தக் கை இந்த மேடையில், இப்போது ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திருகிக்கொண்டிருக்கிறது.

பிரேமிளாவின் பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிறேன். ரிப்காவும் நானும் தோட்டம் தோட்டமாகப் போய் முடி சேகரிப்போம். புசல்லாவையை முடித்துக்கொண்டு நாவலப்பிட்டிப் பக்கமும் போவோம். ஊகித்த விடை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறி இடுவோம், எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் அதை அழிக்க விடமாட்டோம்.

ஆனால் முதல் வேலை அதுவல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் தோட்டத்துக்குப் போகிறோம். கோயில் முன்றலில் சனத்தைக் கூட்டி, நடந்ததைச் சொல்லப் போகிறோம். இராஜகுமாரியையும் வரச் சொல்லியிருக்கிறேன். "வாறேன். ஆனா ஒங்க வாயால வேணாம், அந்தாளு வாயால கேக்கணும்" என்றார். வேன் பிடித்தாகிவிட்டது. அம்மா ஜன்னல் பக்கம் உட்காருவார். அவருக்குப் பக்கத்து இருக்கை, கலாநிதி சேதுராமன் அவர்களே, உங்களுக்கு. யாருக்கும் அதைக் கொடுக்க மாட்டோம். நீங்கள் வந்தால் அம்மாவோடு இறங்கி, ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வராவிட்டால், அந்த இருக்கையில் ஒருவரையும் உட்கார வைக்காமல் மலை ஏறி, வேன் கதவைத் திறந்து வைத்து, அது யாருடைய இடம் என்று லயத்துச் சனத்துக்குக் காட்டுவேன்.